பதினாலு விசில்

அவர் பதினாலாவது தடவை விசில் ஊதியபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: நான் ரக்பிக்கு ரெஃப்ரி ஆக வேண்டும்.

இப்படி ஒரு ஆசை எங்கள் ஊரில் யாருக்கும் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கிரிக்கெட்டில்கூட பேட்டிங் கிடைக்காதவனைத்தான் அம்பயராக நிறுத்துவோம். எனக்கு வந்தது ஒரு மனிதரைப் பார்த்து. அவரைப் போல வர வேண்டும் என்று இல்லை. அவர் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "நீங்க ஊட்டுக்குப் போங்க" என்று சொல்ல வேண்டும் என்று.

பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாளை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். எதையும் அப்படித்தான் பார்ப்பார். டீ கிளாஸைக்கூட.

போன வருஷம் வரை நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் ஃபைனல் செக்கிங் இன்சார்ஜ். தைத்து, நூல் வெட்டி வரும் ஒவ்வொரு பீஸும் அவர் மேசையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக முடியும். ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ தெரிந்தால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். ஸ்டிக்கர் அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இஞ்ச் டேப் கழுத்தில் கிடக்கும். கல்யாணத்துக்கும் அதோடுதான் வருவார். எங்கள் கட்டிங் மாஸ்டர் மகள் கல்யாணத்தில் வரிசையில் நின்று மேடை ஏறி, மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, பெண்ணின் அப்பாவிடம் மிகவும் பணிவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை சட்டை காலர் ஒரு பக்கம் ஏறியிருக்குதுங்க. கால் இஞ்ச் இருக்குமுங்க. போட்டோவுல தெரியுமுங்க." அந்த மனிதர் மகளை அனுப்பும் நேரத்தில் மாப்பிள்ளையின் காலரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவருடைய வாக்கியம் ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு எப்படியும் நாலு தடவை கேட்டுவிடலாம்: "கண்ணுல பட்டதை விட்டா அது என் குத்தமாயிருமுங்க."

கம்பெனியில் எல்லாரும் இதைப் பெரிய நேர்மை என்று சொன்னார்கள். கொஞ்ச நாள் நானும் சொன்னேன்.

நான் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிப்பது, சாம்பிள் அனுப்புவது, சரக்கு தாமதமானால் நம்பும்படியாக ஒரு காரணம் கண்டுபிடிப்பது. அந்த சீசனில் ரக்பி சட்டை தைத்துக்கொண்டிருந்தோம். கெட்டித் துணி, வெள்ளைக் காலர், ரப்பர் பட்டன். பிளாஸ்டிக் பட்டன் போட்டால் மோதும்போது முகத்தைக் கிழித்துவிடுமாம். பட்டனுக்கே இவ்வளவு யோசித்த ஆட்டம் என்ன ஆட்டம் என்று எனக்குப் பரபரப்பாக இருந்தது. நெட் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். அப்புறம் பையரின் ஆள் ஒருவர் நேரில் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்கள் பின்னால் காலி இடத்தில் கபடி ஆடுவதைப் பார்த்தவர், அடுத்த தடவை வரும்போது இரண்டு பந்து, ஒரு சட்டப் புத்தகம், ஒரு விசில் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே வாரத்தில் கபடிக்காரர்கள் ரக்பிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பாடி வந்தவனை மடக்கத் தெரிந்தால் இதில் பாதி தெரிந்த மாதிரி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். கையால் முன்னால் போடக் கூடாது, தட்டவும் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை. புள்ளி உங்களுக்கு.

ரெஃப்ரிக்கு யார் என்று கேள்வி வந்தது. மேனேஜர் தையல் ஹாலில் நின்று கேட்டார்: "குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கு நம்மகிட்ட யாருப்பா இருக்கா?"

இருநூறு பேரும் ஒரே திசையில் திரும்பினார்கள். வேறு ஊரில் எப்படியோ, திருப்பூரில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. குற்றம் பார்க்கத் தெரிந்தவன்தான் ஆட்டத்தை நடத்தத் தெரிந்தவன் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

புத்தகத்தை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அரை மணி டீ இடைவெளியில் நாலு நாலு பக்கமாக. ஒவ்வொரு குற்றத்தையும் தனி நோட்டில் எழுதிக்கொண்டார். எதிலும் சந்தேகமே கேட்கவில்லை, ஒரு பக்கம் வரும் வரை. எனக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த பக்கம் அது. ஒரு டீம் தப்புப் பண்ணுகிறது. ஆனால் பந்து எதிர் டீம் கையில் போய்ச் சேர்கிறது. அவர்களுக்கு அதில் லாபம் வரும்போல இருக்கிறது. அப்போது ரெஃப்ரி ஊதக் கூடாது. கையை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டு பொறுத்துப் பார்க்க வேண்டும். லாபம் வந்தால் ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். வராவிட்டால் விசில் அடித்துப் பழைய இடத்துக்கே கூட்டிவரலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

பேனாவை மூடி வைத்தார். "இது வேண்டாமுங்க."

"வேண்டாம்னா எப்படிங்க? சட்டமுங்க இது."

"குத்தத்தைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி கையை நீட்டிட்டு ஓடறதுங்களா? அப்பறம் ரெஃப்ரி எதுக்குங்க?"

"பாக்காத மாதிரி இல்லீங்க. பாத்துட்டேன், வெச்சிருக்கேன்னு அர்த்தம். நம்ம அளவுல டாலரன்ஸ் உடறதில்லீங்களா? நீளம் அரை சென்டி கூடக் குறைய இருந்தா பீஸைப் பாஸ் பண்றீங்களே."

"அது பையர் குடுக்கறதுங்க," என்றார். "நான் குடுக்கறதில்லீங்க."

அந்தப் பக்கத்தை அவர் நோட்டில் எழுதவே இல்லை. நான் அன்றைக்கே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் மேனேஜருக்கு அவர் என்றால் ஒரு பயம். ஸ்டிக்கர் ஒட்டுகிறவரிடம் யாருக்குத்தான் பயம் இல்லை?

பழகும் ஆட்டங்களில் அவர் பண்ணியதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்களின் நகத்தை ரெஃப்ரி பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மற்றவனைக் கீறிவிடக் கூடாதே என்பதற்காக. இவர் நகத்தைப் பார்த்து, அங்கிருந்து கைப்பட்டிக்குப் போய், கைப்பட்டியிலிருந்து தோள் தையலுக்கு ஏறிவிடுவார். ஒருமுறை ஒரு டெய்லரின் நெஞ்சில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். காலர் அடியில் தையல் தாவியிருந்ததாம். அவன் நெஞ்சில் அம்புக்குறியோடு ஆட்டம் முழுக்க ஆடினான். பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் சரியாக அம்பு காட்டிய இடத்தில் வந்து மோதினார்கள்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, அந்தோணி விஷயம் வரும் வரை.

அந்தோணிக்கு சாத்தான்குளம் பக்கம். அப்பா, அம்மா, அக்கா, இவன், நாலு பேரும் எங்கள் கம்பெனியில். இவன் ஓவர்லாக் மெஷினில். பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் படிக்க அனுப்ப வீட்டில் வழியில்லை. பந்தைக் கையில் வாங்கிவிட்டால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஓடுவதை விடுங்கள், ஓடிக்கொண்டே அவன் யோசிப்பான். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் புதிதாக ரக்பி டீம் சேர்க்கிறார்கள், விளையாட்டுக் கோட்டாவில் சீட்டு உண்டு என்று தெரிந்ததும் நான் போய் அவர்கள் பி.டி. சாரை அழைத்து வந்தேன். பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷத்துக்குள் இருப்பவர்களைத்தான் அங்கே எடுப்பார்கள். அந்தோணிக்கு அந்த வருஷமும் அடுத்த வருஷமும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலம்பாளையத்தில் ஒரு காலி மைதானம். நாலு மூங்கில் நட்டு கோல் போஸ்ட். எதிரில் ஒரு சாயப்பட்டறை டீம், நகத்திலெல்லாம் நீலம். ஏழு பேர் ஆடும் ஆட்டம், பாதிக்கு ஏழு நிமிஷம். நான் எட்டாவது ஆள், கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு. பி.டி. சார் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்.

முதல் விசில் முதல் நிமிஷத்திலேயே. அப்புறம் கணக்காக நிமிஷத்துக்கு ஒன்று. ஆட்டம் சூடு பிடிக்கும், பீப். அந்தோணி இரண்டு பேரைத் தாண்டுவான், பீப். ஒவ்வொரு தடவையும் அவர் வந்து, குற்றம் நடந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஆள்காட்டி விரலால் மண்ணைக் காட்டுவார். "இங்கீங்க. இங்கதானுங்க." மண்ணில் ஸ்டிக்கர் ஒட்டாததுதான் பாக்கி.

கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் புள்ளியே இல்லை. சாயப்பட்டறைக்காரர்கள் எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒருவன் தனக்கு வந்த பந்தைப் பிடிக்கப் பார்த்தான். கையில் பட்டு வழுக்கி முன்னால் விழுந்தது. தப்பு அவனுடையது. பந்து ஒரு குதி குதித்தது, அந்தோணி அதைத் தரையோடு வாரிக்கொண்டான். அவனுக்கு முன்னால் மைதானம் முழுக்கக் காலி. கடைசியில் இரண்டு மூங்கில் மட்டும். நாலு அடி எடுத்து வைத்தான்.

பீப்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். அந்தோணி மட்டும் நிற்கவில்லை. மைதானம் முழுவதும் தனியாக ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் அழுத்திவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். அவர் அந்தக் கோடியில், பந்து வழுக்கிய இடத்தில், விரலால் மண்ணைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்தோணி மெதுவாக நடந்து வந்தான். "அண்ணே, தப்பு அவங்களுதுதான?"

"ஆமாங்க. அதனாலதானுங்க பந்தை உங்களுக்குக் குடுத்தேன். உங்களுக்கு ஸ்க்ரமுங்க."

"பந்து எங்கிட்டதான இருந்துச்சு. நாந்தான் கோட்டத் தாண்டிட்டம்லா."

"அது நான் ஊதினதுக்கு அப்பறமுங்க. செல்லாதுங்க."

சட்டப்படி சரி. அதுதான் கொடுமை. விசில் அடித்துவிட்டால் செத்த பந்துதான். கையில் பந்தோடு தனியாக ஓடுகிறவனை நிறுத்தி, மூன்று பேருக்கு மூன்று பேர் தலை கோத்துத் தள்ளும் ஸ்க்ரமுக்குள் அந்தப் பந்தைப் போட்டு, "உங்களுக்குத்தான் குடுத்தேன்" என்றார். ஸ்க்ரமில் பந்தைத் தொலைத்தோம். நேரம் முடிந்தது.

பி.டி. சார் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் அவர் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அவன் ஓடினதைப் பாத்தீங்கல்லங்க?"

"நாலு அடி பாத்தேன்," என்றார். "அதுக்கு அப்பறம் யாரும் துரத்தாம ஓடினான். ஆளில்லாத இடத்துல ஓடறதுக்கு ரக்பி எதுக்குப்பா? அத்லெட்டிக்ஸ் ஆள் எங்கிட்டயே இருக்காங்க. ஒருத்தனை ஒடைச்சுட்டு ஓடறதைப் பாக்கத்தான் வந்தேன். விசிலைத்தான் கேட்டேன்."

பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டீக்கடையில் இரண்டு டீமும் நின்றோம். அவரும் வந்தார், கூச்சமே இல்லாமல். கிளாஸை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பாலாடையைப் பார்த்துவிட்டுக் குடித்தார். சாயப்பட்டறை கேப்டன் அவருக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தான். "அண்ணா, அடுத்த மேட்ச்சுக்கும் நீங்களே வந்துருங்க. எங்களுக்கு ஆள் கொறைஞ்சாக்கூடச் சமாளிச்சுக்கலாம்."

அது கேலி என்று அவருக்குப் புரியவில்லை. "கூப்புடுங்க, வர்றனுங்க," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மூணு செகண்ட் உட்டிருக்கலாமல்லங்க? அந்த ஒரு சீட்டுங்க. அவன் படிக்கறதே அதுலதானுங்க இருந்துச்சு."

"அதெனக்குத் தெரியாதுங்களா? தெரியுமுங்க. ஆனா கண்ணுல பட்டுருச்சுங்களே. விட்டா என் குத்தமாயிருமுங்க."

அந்தோணி அவர் முகத்தைப் பார்க்காமலே கிளாஸைக் கீழே வைத்தான். "சாமி வரம் குடுத்துட்டுது. பூசாரிதான் குடுக்கல," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றைக்கு அவன் எங்களோடு டெம்போவில் ஏறவில்லை. நடந்தே போனான்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தின் உள்பக்கத்தை நான் திருப்பிப் பார்த்தேன். "என் குத்தமாயிரும்." ஆட்டம் கெடலாம், சீட்டுப் போகலாம், ஒருவன் வாழ்க்கை முழுக்க ஓவர்லாக்கில் உட்காரலாம். இவர் பேரில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் விழக் கூடாது. இதற்குப் பேர் நேர்மை என்றால், எங்கள் கம்பெனி கேட் பூட்டுக்கும் நேர்மை உண்டு.

திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. செக்கிங் ரிப்போர்ட் ஃபாரம். தலைப்பில் பீஸ் நம்பருக்குப் பதிலாக ஆட்டத்தின் தேதி. கீழே பதினாலு வரி: குற்றம், இடம், பெரியது, சின்னது. நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பதினாலும் சரி. ஒன்றில்கூடத் தவறில்லை. அந்தோணி ஓடியது மட்டும் எந்த வரியிலும் இல்லை. அதற்கு அந்த ஃபாரத்தில் கட்டமே இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'ஓகே' என்று எழுதியிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. சாயப்பட்டறைக்காரர்களோடு சேர்ந்து ஞாயிறுதோறும் விசில் பழகுகிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் பத்து நிமிஷத்தில் ஒன்பது தடவை ஊதினேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் மூச்சு விட்டாலே சத்தம் வருகிறது. அதோடு அதில் ஒரு ருசி இருக்கிறது. ஒரு பீப்புக்குப் பதினாலு தடியர்கள் அப்படியே நின்று உங்களைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மறு வாரம் கழுத்துக் கயிற்றை அறுத்துப் போட்டேன். இப்போது விசில் இடது கை விரலில் மாட்டியிருக்கிறது. கை மேலே போய் வாய்க்கு வருவதற்குள் 'ஒண்ணு ரெண்டு மூணு' எண்ணிவிடலாம். அதனால் அவர் மேல் இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கத்தை அவர் வேண்டாம் என்றுதான் மூடி வைத்தார்.

போன மாதம் கோயமுத்தூர் போய் பி.டி. சாரை மறுபடி பார்த்தேன். அந்தோணிக்கு இந்த வருஷம்தான் கடைசி என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரெஃப்ரி யாரு?"

"நாந்தானுங்க."

"எத்தனை விசில் அடிப்பே?"

"முடிஞ்ச வரைக்கும் அடிக்க மாட்டனுங்க."

சிரித்தார். வருகிறேன் என்றார்.

வருகிற ஞாயிறு, அதே மைதானம், அதே இரண்டு டீம். போன வாரம் பழகிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அவர்தான். கழுத்தில் இஞ்ச் டேப். எங்கள் ஆட்டத்தைக் கால் மணி நேரம் பார்த்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"ஆறு விட்டுட்டீங்க."

"ஏழுங்க," என்றேன். "ஏழையும் பாத்தனுங்க."

கழுத்து டேப்பை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழமை எனக்கென்னுங்க வேலை?" என்றார்.

வரவே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பந்தோடு ஓடுகிறவன் கால் ஓரக் கோட்டை மிதித்ததா இல்லையா என்று பார்க்க ஆள் வேண்டும். அதில் பொறுத்துப் பார்க்க ஒன்றுமில்லை. மிதித்தால் மிதித்ததுதான். அந்த வேலைக்கு இந்த ஜில்லாவிலேயே அவரை விட நல்ல கண் கிடையாது. அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது.

ஓரக் கோட்டில் நிற்கிறவருக்கு என்று வைத்திருந்த கொடியை நீட்டினேன். "கோட்டுல கால் பட்டா மட்டும் தூக்குங்க."

"உள்ள குத்தம் நடந்தாலுங்க?"

"பாத்துட்டு நில்லுங்க. அது என் குத்தமா இருந்துட்டுப் போகட்டும்."

கொடியை வாங்கி விரித்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஓரத்தைத் திருப்பினார். பைக்குள் கை விட்டு ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து மடிப்பில் ஒட்டினார். "தையல் விட்டிருக்குதுங்க. தச்சுக் கொண்டாரனுங்க," என்று சைக்கிளில் சொருகிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். சாயப்பட்டறைக்காரர்கள் கையிலிருந்து பந்து எப்படியும் ஒரு தடவையாவது முன்னால் வழுக்கும். நீலச் சாயம் பட்ட கைக்கு அது வழக்கம். அந்தோணி அதை வாருவான். அப்போது நான் வலது கையை அவன் டீம் பக்கம் நீட்ட வேண்டும். இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொண்டு அவன் பின்னால் ஓட வேண்டும்.